வெல்டிங்கும் கால்குலஸும்: சமுதாயக் கல்லூரியின் பாடப்பட்டியல் எழுப்பும் கேள்வி

கேள்வி

கலிஃபோர்னியாவின் பல சமுதாயக் கல்லூரிகளின் பாடப்பட்டியலைப் பார்த்தால், ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்திலேயே மானுடவியலும் வானியலும் வாகனத் தொழில்நுட்பமும் நெருங்கி நிற்பதைக் காணலாம். இன்னும் சில பக்கங்களில் பல் சுகாதாரம், பொருளியல், ஆங்கில இலக்கியம், தீயணைப்பு என்று வரிசை நீளும். ஊருக்கேற்பப் பட்டியல் மாறும். சான்டா பார்பராவில் கடலடியில் மூழ்கி வேலை செய்யும் தொழிலைக் கற்பிக்கிறார்கள். நாபாவில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும். ரீட்லியில் வனவியலும் விமானப் பராமரிப்பும். அதே வளாகங்களில் கால்குலஸும் கரிம வேதியியலும் தத்துவமும் நடக்கின்றன. மாநிலத்தில் இத்தகைய கல்லூரிகள் 116. படிப்போர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். மாநிலத்தில் வசிப்போருக்குக் கட்டணம் ஓர் அலகுக்கு (கிரெடிட்) 46 டாலர். 60 அலகுகள் கொண்ட ஈராண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 2,760 டாலர். வருமானம் குறைந்தோருக்கு அதுவும் தள்ளுபடி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும்.

ஏழைக்கும் எட்டும் விலையில் இத்தனை படிப்புகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க ஜனநாயகத்தின் சாதனை என்று கொண்டாடுவோர் உண்டு. பட்டம் பெற வரும் ஏழை மாணவரை மெல்லத் தொழிற்பிரிவுக்குள் தள்ளிவிட்டு, பல்கலைக்கழகத்தின் வாசலைப் பாதுகாக்கும் தந்திரம் என்று குற்றம் சாட்டுவோரும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்த விவாதத்தின் சான்றுகளை எடைபோடுவதும், தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த சமுதாயக் கல்லூரியை அந்த வெளிச்சத்தில் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இது: மாணவரைத் திசைதிருப்புவது தொழிற்பாடம் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை, தொழிற்பாடத்திலிருந்து பட்டத்துக்குச் செல்லும் வழி அடைபட்டிருப்பதே அவரைத் திசைதிருப்புகிறது.

இரண்டு நோக்கங்களில் பிறந்த கல்லூரி

1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நீட்சியாக ஆறு மாணவர்களோடு தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியே இன்றும் இயங்கும் பொதுத்துறை ஈராண்டுக் கல்லூரிகளில் மூத்தது. அதன் பின்னணியில் இருந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். முதல் இரண்டாண்டுப் பாடங்களைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே அனுப்பிவிட்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியிலும் மேற்படிப்பிலும் மட்டும் கவனம் செலுத்தலாம் என்பது அவர் எண்ணம். ஆக, ஏழைகளுக்குக் கதவு திறக்கும் ஆசையும், பல்கலைக்கழகத்தின் சுமையைக் குறைக்கும் ஆசையும் இந்த நிறுவனத்தின் பிறப்பிலேயே கலந்திருந்தன. கலிஃபோர்னியாவில் 1907இல் வந்த சட்டம், உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரிநிலைப் பாடங்களை நடத்த அனுமதித்தது. 1910இல் ஃப்ரெஸ்னோ அதைப் பயன்படுத்திக்கொண்டது.

அந்தத் தொடக்க காலத்தில் பாடப்பட்டியல் பெரும்பாலும் கல்விசார் பாடங்களாகவே இருந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுகளை உள்ளூரில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் அங்கே சேர்வதே மாணவரின் திட்டம். தொழிற்பிரிவுகள் வளர்ந்தது பிற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பிய படைவீரர்களின் கல்விச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் அளித்த அறிக்கை, ஊர்தோறும் இத்தகைய கல்லூரி வேண்டும் என்றும், பொதுக்கல்வியும் தொழிற்கல்வியும் அங்கே சேர்ந்தே இருக்க வேண்டும் என்றும் வாதிட்டது. 1960களில் அமெரிக்கா முழுவதும் நானூறுக்கு மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் புதிதாகத் திறக்கப்பட்டன.

கலிஃபோர்னியாவில் 1960ஆம் ஆண்டின் முதன்மைத் திட்டம் இந்தப் படிநிலையைச் சட்டமாக்கியது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு, இன்று கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் எனப்படும் வேறோர் அமைப்பு. ஏனைய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி. கடைசிப் படியில் நிற்பவரும் ஈராண்டு கழித்து மேல் படிக்கு மாறலாம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அந்த வாக்குறுதி நிறைவேறுகிறதா என்பதைப் பொறுத்தே முழு ஏற்பாட்டின் நியாயமும் நிற்கிறது.

திசைதிருப்பல் வாதம்

அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசேயில் அன்று ஜூனியர் கல்லூரி என அழைக்கப்பட்ட ஒரு சமுதாயக் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தகைய கல்லூரி மாணவரின் பெரிய ஆசைகளைக் கோபம் வராமல் தணித்துவிடுகிறது என்பது அவர் கண்டறிவு. தரம்பிரிக்கும் தேர்வு, பின்தங்கியோருக்கான ஈடுகட்டும் வகுப்பு, ஆலோசகரோடு நடக்கும் உரையாடல், மதிப்பெண் எச்சரிக்கை என்று படிப்படியாக அது நடக்கிறது. முடிவில், பட்டம் வேண்டாம், தொழிற்சான்றிதழே எனக்கு ஏற்றது என்று மாணவர் தானே முடிவெடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏமாந்தவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பும் மோசடிக்காரர்களைப் பற்றி எர்விங் காஃப்மன் எழுதியதிலிருந்து கிளார்க் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். கிளார்க் இதைக் கண்டனமாக எழுதவில்லை. திறந்த வாசலும் குறைந்த இடமும் உள்ள சமூகத்தில் இது தவிர்க்க முடியாத பணி என்றே கருதினார். பின்வந்தவர்கள் அதைக் குற்றச்சாட்டாக மாற்றினார்கள்.

அவர்களில் முக்கியமானவர்கள் ஸ்டீவன் பிரின்ட், ஜெரோம் காராபல். 1989இல் வெளியான அவர்களது நூல், 1900 முதல் 1985 வரையிலான வரலாற்றை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறது. தொழிற்பிரிவுகளைக் கேட்டது யார்? மாணவர்கள் கேட்கவில்லை; பல பத்தாண்டுகள் அவற்றைப் புறக்கணித்தார்கள். முதலாளிகளும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜூனியர் கல்லூரிகளின் சங்கத் தலைவர்களே அவற்றை வலியுறுத்தினார்கள். நான்காண்டுக் கல்லூரிகளோடு கல்விசார் பாடங்களில் போட்டியிட்டால் என்றும் இரண்டாம் இடம்தான். இடைநிலைத் தொழில்களுக்கான பயிற்சியில் தமக்கென ஓர் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1970களில் பட்டதாரிகளுக்கான வேலைச் சந்தை நலிந்தபோதுதான் மாணவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தொழிற்கல்வியின் எழுச்சியை மாணவரின் இயல்பான விருப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்நூல் தந்த மறுப்பு இன்றும் அசைக்க முடியாதது. கெவின் டஹர்ட்டி 1994இல் இதோடு அரசின் பங்கையும் சேர்த்தார்.

ஆனால் வரலாற்றின் நோக்கம் ஒன்று, விளைவு வேறொன்று. பொருளியலாளர் செசீலியா ரவுஸ் 1995இல் விளைவை அளக்க முயன்றார். சமுதாயக் கல்லூரி இல்லாவிட்டால் நேரே நான்காண்டுக் கல்லூரிக்குப் போயிருக்கக்கூடியவர்கள் சிலர். கல்லூரிப் பக்கமே வந்திருக்க மாட்டாதவர்கள் சிலர். முதல் வகையினர் இழக்கிறார்கள், இரண்டாம் வகையினர் பெறுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தக் கல்வி ஆண்டுகள் கூடுகின்றன. இளங்கலைப் பட்டம் பெறும் வாய்ப்பில் பெரிய மாற்றம் இல்லை. திசைதிருப்பல் உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை என்பதே இதன் பொருள். சராசரி இப்படி ஆறுதல் தந்தாலும், இழந்தவரின் இழப்பு அதனால் குறைவதில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டம் பெற விரும்பி வருகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அதைப் பெறுவோர் சுமார் 16 விழுக்காட்டினரே. இந்த இடைவெளியை எந்தச் சராசரியாலும் மறைக்க முடியாது.

செவிலியர் படிப்பு: எல்லைக்கோடு அழியும் இடம்

திசைதிருப்பல் வாதத்தின் பலவீனம், தொழிற்பாடங்கள் அனைத்தையும் ஒரே கூடையில் போடுவது. சமுதாயக் கல்லூரியின் மிகப் பெரிய தொழிற்பிரிவுகளில் ஒன்றான செவிலியர் படிப்பை எடுத்துக்கொண்டால் அந்த வாதம் தடுமாறும்.

1950கள் வரை அமெரிக்காவில் செவிலியராகப் பெரும்பாலோர் மருத்துவமனைகள் நடத்திய மூன்றாண்டுப் பள்ளிகளில் படித்தார்கள். பயிற்சி என்ற பெயரில் அவர்களின் உழைப்பு வார்டுகளில் மலிவாகப் பயன்பட்டது. மில்ட்ரெட் மான்டாக் என்ற செவிலியக் கல்வியாளர், இரண்டாண்டில் ஈராண்டுக் கல்லூரியிலேயே இதைக் கற்பிக்கலாம் என்று வாதிட்டு, 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி வழியாகச் சோதனை முயற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் செவிலியத்தில் ஈராண்டுப் பட்டம். இன்றும் ஈராண்டுப் பட்டம் பெற்றவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் பதிவுபெற்ற செவிலியராக எழுதுவது ஒரே உரிமத் தேர்வைத்தான்.

இந்தப் படிப்புக்குள் நுழைவதற்கு முன் மாணவர் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். அந்த உடற்கூறியல் வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர், நாளை பல்கலைக்கழகத்துக்குப் போய் உடற்பயிற்சி அறிவியலில் பட்டம் பெறத் திட்டமிடுபவராக இருக்கலாம். இருவருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே ஆய்வகம், ஒரே தேர்வு. ஒருவருக்குத் தொழிற்கல்வி, மற்றவருக்கு உயர்கல்வி என்று அந்த வகுப்பறைக்குள் கோடு கிழிக்க வழியில்லை. ஒருவர் செவிலியராகாமல் விலகினாலும் நுண்ணுயிரியலில் பெற்ற அலகுகள் வீணாவதில்லை, பல்கலைக்கழகம் ஏற்கும்.

பொருளாதாரப் பலனும் தெளிவு. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரித் தொழிற்பிரிவுகளை ஆராய்ந்த ஆன் ஸ்டீவன்ஸ், மிக்கல் குர்லேண்டர், மிஷெல் கிராஸ் ஆகியோர், அவற்றின் சான்றிதழ்களும் பட்டங்களும் வருமானத்தைச் சராசரியாக 14 முதல் 45 விழுக்காடு வரை உயர்த்துவதாகக் கண்டார்கள். உயர்ந்த பலன் மருத்துவத் துறைப் படிப்புகளுக்கே. இடம் குறைவாகவும் விண்ணப்பம் அதிகமாகவும் இருந்ததால் ஒரு பெரிய கல்லூரி செவிலியர் படிப்புக்குக் குலுக்கல் முறையில் மாணவரைச் சேர்த்தது. குலுக்கலில் வென்றோரையும் தோற்றோரையும் கிராஸ் ஒப்பிட்டபோது, படிப்பில் சேர்ந்தது வருமானத்தை 44 விழுக்காடு உயர்த்தியது தெரிந்தது. திறமையானவர்கள் எங்கு படித்தாலும் முன்னேறியிருப்பார்கள் என்ற வழக்கமான ஐயத்துக்குக் குலுக்கல் இடம் தரவில்லை என்பதால், இந்தச் சான்றை நான் மிக மதிக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில மாதங்களில் முடியும் குறுஞ்சான்றிதழ்களின் பலன் மிகக் குறைவு என்பதைக் கென்டக்கி மாநிலத் தரவை வைத்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. குறுகிய படிப்புகளைக் குவித்துப் பட்டியலை நீட்டும் கல்லூரி மாணவருக்கு உதவுவதில்லை.

கோடு அழிவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். 2014இல் கலிஃபோர்னியா 15 சமுதாயக் கல்லூரிகளுக்குச் சோதனை அடிப்படையில் இளங்கலைப் பட்டம் வழங்க அனுமதித்தது. மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் பல் சுகாதாரம், பேக்கர்ஸ்ஃபீல்டில் தொழிற்சாலைத் தானியக்கம் போன்ற தொழில்சார் பட்டங்கள் அப்படி வந்தன. 2021இல் அது நிரந்தரமாயிற்று. செவிலியத்துக்கும் இளங்கலை வேண்டும் என்ற மசோதா 2024இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், ஆளுநர் ஒப்புதல் தர மறுத்தார். பல்கலைக்கழகங்கள் தரும் பட்டத்தைச் சமுதாயக் கல்லூரி மீண்டும் தரக் கூடாது என்பதே இந்தத் துறையில் நெடுநாள் விதி. ஹார்ப்பரின் காலத்தில் சுமை இறக்க விரும்பிய பல்கலைக்கழகம், இப்போது எல்லை காக்க விரும்புகிறது.

பாடத்தின் கடைசி வரி

பாடப்பட்டியலில் ஒவ்வொரு பாட விவரத்தின் இறுதியிலும் ஒரு சிறிய வரி இருக்கும். இந்தப் பாடத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஏற்குமா, மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்குமா, இரண்டும் ஏற்காதா என்பதை அது சொல்லும். கால்குலஸை இரண்டும் ஏற்கும். வாகன பிரேக் பாடத்தையோ வெல்டிங்கையோ மாநிலப் பல்கலைக்கழகம் சில இடங்களில் விருப்பப்பாடமாக ஏற்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாக ஏற்பதில்லை. பாடத்தின் பெயரைவிட மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அந்த வரிதான். பதினெட்டு வயதில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவருக்கு அதைப் படிக்கச் சொல்லித்தர யாரும் இல்லை.

தாமஸ் பெய்லி, ஷானா ஸ்மித் ஜேகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் மூவரும் 2015இல் எழுதிய நூலின் மையம் இதுவே. நூற்றுக்கணக்கான பாடங்களை அடுக்கிவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று மாணவரிடம் விட்டுவிடும் முறையை அவர்கள் குற்றம் சாட்டினார்கள். விளைவாக மாணவர் தேவையற்ற பாடங்களைப் படிக்கிறார், தேவையானதை விடுகிறார், மாறிச் செல்லும்போது அலகுகளை இழக்கிறார். 2017இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், கல்லூரி மாறியோர் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டுகளை இழப்பதாக மதிப்பிட்டது. எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த கணக்கு அது; பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரியிலிருந்து பொதுத்துறைப் பல்கலைக்கழகத்துக்குப் போவோரின் இழப்பு அதைவிடக் குறைவு.

இந்தக் குறைகளைச் சட்டத்தால் திருத்த முடியும் என்பதையும் கலிஃபோர்னியா காட்டியிருக்கிறது. 2010இல் வந்த சட்டம், வகுத்துத் தந்த 60 அலகுகளை முடித்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது. 2017இல் இன்னொரு சட்டம், ஈடுகட்டும் வகுப்புகளுக்குள் மாணவரை அடைத்துவைப்பதைக் கட்டுப்படுத்தியது. அதுவரை கல்லூரியில் சேர்ந்தோரில் பெரும்பான்மையோர், ஒரு தரம்பிரிக்கும் தேர்வை வைத்து, பட்டத்துக்குக் கணக்கில் சேராத கணித, ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் அங்கேயே நின்றுபோனார்கள். கிளார்க் விவரித்த ஆசை தணிப்பின் முதல் கருவி இதுதான். சட்டத்துக்குப் பின் முதல் பருவத்திலேயே பல்கலைக்கழகநிலைக் கணிதத்தில் தேறியோர் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பலருக்குத் தகுதி இருந்தது என்பதே இதன் பொருள். 2021இல் எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே பாடத்துக்கு ஒரே எண் தரவும் சட்டம் வந்தது.

வழிகாட்டலின் வலிமைக்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய திட்டம் சான்று. முழுநேரப் படிப்பு, நெருக்கமான ஆலோசனை, போக்குவரத்துச் செலவு, புத்தகச் செலவு ஆகியவற்றைத் தந்தபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தோர் 22 விழுக்காட்டிலிருந்து 40 ஆயினர். பாடப்பட்டியலை நீட்டியதால் வந்த உயர்வு அன்று அது.

தமிழகத்துக்கு வந்த பாதி

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. இயேசு சபையைச் சேர்ந்த கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை நாடெங்கும் கொண்டுசென்றார். பள்ளிப் படிப்பை விட்டவர்கள், ஏழைப் பெண்கள், தலித்துகள் ஆகியோருக்கு ஓராண்டுப் பட்டயம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் என்று பாடத்திட்டம். கல்லூரிகள் புறக்கணித்தவர்களைத் தேடிப்போன அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அமெரிக்க மாதிரியின் தொழிற்பாதி மட்டுமே இங்கு வந்தது. கால்குலஸும் இலக்கியமும் அதே வளாகத்தில் இல்லை. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டுக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ செல்லும் உறுதியும் இல்லை.

2013இல் பல்கலைக்கழக மானியக் குழு சமுதாயக் கல்லூரித் திட்டத்தையும், 2014இல் பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டத்தையும் கொண்டுவந்தபோது, ஓராண்டில் பட்டயம், இரண்டாண்டில் மேற்பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று ஏணி வரைந்தது. ஆனால் அந்த ஏணி பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது எளிதாக இருக்கவில்லை.

தொழிற்கல்வி என்றாலே தமிழகத்தில் எழும் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொல்லி 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. சான் ஹோசேயில் ஓர் ஆய்வாளர் வந்து கண்டறிய வேண்டியிருந்த உண்மையை இங்கே சாதியின் அனுபவம் முன்பே கற்றுத்தந்துவிட்டது. ஒருவரை அவர் பிறந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் தொழிற்கல்வியை எதிர்ப்பது சரி. அந்த எதிர்ப்பு, தொழில் கற்றபின் மேலே செல்லும் வழிகளைக் கட்டும் வேலையாக விரிய வேண்டும்.

அப்படிக் கட்டிய வழி நம்மிடமே ஒன்று இருக்கிறது. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்போடு ஃபிட்டர் தொழில் கற்கச் சென்ற ஒருவர் இந்த வழியில் பொறியாளராகியிருக்கிறார் என்றால், அவருக்குத் தொழிற்கல்வி திசைதிருப்பலாக இருக்கவில்லை. இந்த வழி அரசாணையாலும் இட ஒதுக்கீட்டாலும் உறுதிசெய்யப்பட்டது. கல்லூரி முதல்வரின் தயவில் விடப்படவில்லை. பொறியியலுக்கு முடிந்தது, நோயாளிப் பராமரிப்பிலும் தையற்கலையிலும் மழலையர் கல்வியிலும் முடியாததற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிப்புகளில் சேர்வோர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள் என்பதும், அவர்களுக்காகக் கேட்பாரில்லை என்பதும் தவிர.

ஆகவே பல்கலைக்கழகங்களின் கல்விக்குழுக்களில் அமர்ந்திருப்போரிடம் ஒரு கோரிக்கை. சமுதாயக் கல்லூரிப் பட்டயம் ஒன்றுக்கு ஒப்புதல் தரும்போது, அதன் எந்தப் பாடம் எந்தப் பட்டப்படிப்பில் எத்தனை கிரெடிட்டாக ஏற்கப்படும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சேர்க்கையின்போது மாணவர் கையில் கொடுக்கும் தாளில், பாடத்தின் பெயருக்குக் கீழே, தமிழில், அதை அச்சிடுங்கள்.